உளி பயின்ற ஊர்

தொண்டை நாட்டுத் திருநின்றவூரில் வாழ்ந்த பூசலார் நாயனார், சிவபிரானுக்குத் திருக்கோயில் எடுக்க விரும்பிப் பொருள் தேடி வருந்தியும் பெறாராய், உள்ளத்திலேயே கோயில் எடுத்த வரலாற்றைச் சைவ மக்கள் யாவரும் அறிவர். கச்சியிற் கற்றளி எடுத்துக் குடமுழுக்குக்கு நாள் குறித்திருந்த காடவர்கோனின் கனவில் இறைவன் எழுந்தருளி, அந்நாளில் அன்பன் ஒருவன் எடுத்த கோயிலிற் புகவிருத்தலால் அரசன் தன் நாளை மாற்றிக்கொள்ளுமாறு பணித்ததும் அறிந்ததே. இவ்வரலாற்றில் அன்பின் பெருமையே பெரிதும் எடுத்துப் பேசப்படும். அது தக்கதே. எனினும் அதனுள் அடங்கியுள்ள வேறொரு செய்தி பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை.

நாயனார் மனத்தளவிற் கட்டினாராயினும் ஒரு நொடியிற் கட்டி முடித்துவிடவில்லை. சேக்கிழார் பெருமான் கூறுமாறு, வேண்டும் கருவிகளையும் பண்டங்களையும் நினைவினால் முதலில் தேடிக்கொண்டார். தச்சரையும் அவ்வாறே தேடிக்கொண்டார். ஆகம நெறி தப்பாமல் நல்லதொரு நாளில் அடிநிலை இட்டார். இரவிலும் கண் துயிலாது, உறுப்புக்களையெல்லாம் உரிய அளவில் அமைத்துச் சிகரம் எடுத்துத் தூபி நாட்டினார். சுதை வேலை செய்தார். கிணறும் மதிலும் வாவியும்கூட எஞ்சவில்லை. இவையெல்லாம் முடிய நெடுநாள் ஆயின. நினைவாற் கட்டிய கோயிலுக்கே தச்சர் இன்றியமையாதவராயினர் எனின், கல்லாற் கட்டும் கோயிலுக்கு அவர்தம் தேவை எத்துணை என்பது சொல்லாமலே விளங்கும். ஆயினும் திருப்பணி வரலாறுகளில் அரசர் பெயர் இருக்கும். வள்ளல்கள் பெயர் இருக்கும். உளி பிடித்தவர் பெயரைத் தேடிக் காணல் அரிது. 1010ஆம் ஆண்டிற் குடமுழுக்குக் கண்ட தஞ்சை இராசராசேச்சரத்துக் கல்வெட்டு, குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்று ஒரு பெயரைக் காத்து வைத்திருப்பது நற்பேறே. அப்பெருந்தச்சனின் கீழ் நின்று கல் பிளந்தவர், தூண் இழைத்தவர், உளி காய்ச்சிய கருமார் ஆகியோர் யாவர்? அவர்கள் தங்கள் தொழிலை எங்கே, எவ்வாறு கற்றனர்?

நூல்கள் உள்ளனவே எனலாம். மயமதம், மானசாரம் முதலிய சிற்ப நூல்களும், ஆகமங்களின் கிரியா பாதமும் அளவுகளை விரித்துரைக்கின்றன. சிவபிரான் திருவுருவம் உத்தம தசதாலத்தில், உயரத்தை 124 கூறாக்கி அமைக்கப்படும். அம்மை திருவுருவத்துக்கு மத்திம தசதாலமாகிய 120 கூறு. மூத்த பிள்ளையாருக்குப் பஞ்சதாலம். நெற்றிக்கு இவ்வளவு, மூக்குக்கு இவ்வளவு, கழுத்துக்கு இவ்வளவு என்று நெல்லிடையும் பிசகாமற் கணக்குண்டு. ஆனால், கல்லின் மேல் உளியை எவ்வளவு சாய்த்துப் பிடிப்பது, எவ்வளவு விசையோடு தட்டினால் வேண்டாத சில்லு மட்டும் தெறிக்கும், எவ்விடத்தில் அதே விசை மூக்கையே உடைத்துவிடும் என்பவற்றை எந்த ஓலையும் சொல்வதில்லை, சொல்லவும் இயலாது. அது கையிலிருந்து கைக்குச் செல்லும் அறிவு. இடையே ஒரு தலைமுறை கை சோர்ந்தால், ஓலைகள் அனைத்தும் பத்திரமாக இருந்தும் கலை இல்லையாகும்.

பண்டையோர் கற்ற முறையின் சுவட்டை இன்றும் நேரே காணத்தக்க இடம் மாமல்லபுரம். முடிந்த தளிகளைக் காண மக்கள் திரள்கின்றனர். பாடம் இருப்பதோ முடியாத தளிகளில். செங்கலும் மரமும் உலோகமும் சுண்ணச் சாந்தும் இன்றி மும்மூர்த்திகளுக்கும் கோயில் செய்வித்ததாக மகேந்திரவர்மன் மண்டகப்பட்டுக் கல்வெட்டிற் பெருமிதத்துடன் பொறித்தானன்றோ? அம்மரபின் வழிவந்த தச்சர், பாறையின் முகத்தைச் சதுரம் சதுரமாக வகுத்து, சதுரங்களுக்கிடையே ஆழமாகப் பள்ளம் பொளிந்து, நடுவே புடைத்து நின்ற கட்டிகளை உடைத்து நீக்கியே உள்ளே சென்றனர். பாதியில் விடப்பட்ட குடைவரைகளில் அச்சதுரங்கள் அப்படியே நிற்கின்றன. பிடாரி இரதமும் வலையன்குட்டை இரதமும் மேலே உருப்பெற்றுக் கீழே பாறையாகவே உள்ளன. மேலிருந்து கீழ்நோக்கி வேலை செய்யப்பட்டது என்பதற்கு இவற்றினும் வேறு சான்று வேண்டா. கல்லைப் பிளக்க ஆப்பு அறைவதற்காக வரிசையாக இட்ட குழிகளும் பாறைகளிற் காணப்படுகின்றன. முடிந்த சிற்பம் சிற்பியின் வழியை மறைத்துவிடுகிறது. முடியாத பாறையே அதனைக் காட்டிக்கொடுக்கிறது.

அம்மாமல்லபுரத்திலேயே 1957ஆம் ஆண்டில் அரசினர் சிற்பப் பயிற்சிக் கூடம் ஒன்றைத் தொடங்கினர். அரசர் ஆதரவும் சமீன்களின் ஆதரவும் நீங்கிய காலத்தில், தபதியர் குடும்பத்துப் பிள்ளைகள் வேறு வாழ்க்கை தேடி நகரங்களுக்குப் பெயர்ந்துகொண்டிருந்தனர். தந்தையிடம் மைந்தன் கற்கும் பழைய ஏற்பாடு தளர்ந்தமையின், பள்ளியாகவேனும் அதனை நிலைநிறுத்த வேண்டும் என்பது அம்முயற்சியின் கருத்து. பிள்ளையார்பட்டி மரபில் வந்த வைத்தியநாத தபதியாரும், பின்னர் அவர்தம் மைந்தர் கணபதி தபதியாரும் அதனை நடத்தினர். கல், சுதை, உலோகம், மரம், வண்ணம் என ஒவ்வொரு துறையும் அங்கே பாடமாயிற்று. காலவரையறையும் தேர்வும் சான்றிதழும் கொண்ட பள்ளி, மரபுக் குடும்பத்தின் இடத்தை முழுவதும் நிரப்பவல்லதா என்னும் ஐயம் அன்றே இருந்தது. அது பொருளற்ற ஐயமும் அன்று. ஆயினும் தச்சர் குலத்திற் பிறவாதவர்க்கும் உளியைக் கையிற் கொடுத்தது அப்பள்ளி. அதனால் விளைந்த நன்மை சிறிதன்று.

கணபதி தபதியார் 1927இற் பிறந்து 2011இல் மறைந்தவர். 2000ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிற் குமரிமுனையில் திறக்கப்பெற்ற 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலை அவர் கைவண்ணம் என்பதை நாடறியும். அந்தப் பெருஞ்சிலையின் பேரொலியில், அதே காலத்தில் அவர் வகுத்துக் கொடுத்த வேறொரு திருப்பணி தமிழ்நாட்டில் அவ்வளவாகப் பேசப்படவில்லை. பெங்களூருக்கு அண்மையில் 1990ஆம் ஆண்டில் தொடங்கிய கற்பணிச் சிற்றூரே அது. மரபுக் கலை எவ்வாறு கற்கப்பெறும் என்பதற்கு அண்மைக் காலத்தில் இதனினும் சிறந்த சான்று கிடைப்பது அரிதாகலின், அதனைச் சற்று விரித்துரைத்தல் தகும்.

அமெரிக்க நாட்டிற் பிறந்த சிவாய சுப்பிரமுனியசுவாமிகள், இளமையில் இலங்கைக்குச் சென்று, 1949இல் யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளிடம் தீக்கை பெற்றவர். அவரும் 1927இற் பிறந்தவரே. பசிபிக் பெருங்கடலின் நடுவே ஹவாய்த் தீவுகளுள் ஒன்றாகிய கவாயில் ஆதீனம் நிறுவிய அவர், 1975இற் கண்ட திருக்காட்சியொன்றின் பயனாக அங்கே சோழர் முறையிற் கற்றளி எடுக்கத் துணிந்தார். இறைவன் கோயில் என்பது அதன் பெயர். ஏறத்தாழ 700 பவுண்டு எடையுள்ள படிக இலிங்கம் அதன் மூலமூர்த்தி. அத்தீவில் இதற்குத் தக்க கருங்கல்லும் இல்லை, கற்றச்சரும் இல்லை. ஆதலின் கல்லும் வேலையும் பெங்களூர்ப் பக்கத்தில், முடிந்த உறுப்புக்கள் கப்பலில் என்று ஏற்பாடாயிற்று. தபதியார் வரைந்த திட்டத்தோடு சுவாமிகள் ஒரு நிபந்தனையும் வைத்தார்: எக்கல்லையும் கையாலேயே செதுக்குதல் வேண்டும், இயந்திரம் தொடலாகாது. கோயில் எழும்போதே கலையும் பிழைத்தெழ வேண்டும் என்பது அவர் உள்ளக்கிடக்கை.

வெட்டவெளி நிலம் சில ஆண்டுகளில் ஊராயிற்று. சிற்பியரும் அவர்தம் குடும்பத்தாரும் தங்க வீடுகள். கல் இழைக்க நிழற்கொட்டகைகள். ஒரு புறத்தில் உலைக்களம். உலைக்களத்தைப் பற்றி முதலிற் சொல்ல வேண்டும். கருங்கல்லை உளி வெட்டுவதில்லை. துகள் துகளாக உடைத்துத் தள்ளுகிறது. அதனால் கல் தேய்வதை ஒப்ப உளியும் மழுங்கும். சிற்பி ஒரு நாளைக்கு ஓர் உளியோடு அமர்வதில்லை. கற்றை உளிகளோடு அமர்கிறான். மழுங்கியவை உலைக்குச் செல்லும். காய்ச்சித் தட்டிக் கூராக்கித் தோய்ச்சல் ஏற்றித் திரும்பி வரும். தோய்ச்சல் மிகுந்தால் முனை ஒடியும், குறைந்தால் மடங்கும். இரும்பின் நிறம் பார்த்து நீரில் அமிழ்த்தும் அந்த ஒரு கணத்தைக் கருமான் கண் அறியும். அவன் கண் தவறினால் அன்று ஊர் முழுவதும் வேலை தவறும். தலைமைத் தபதியாரைப் பாராட்டுவோர் இக்கருமானை மறந்துவிடுகின்றனர்.

புதிதாக வந்த இளைஞன் முதலிற் கற்பது திருவுருவம் அன்று, தட்டை முகம். ஒரு கல்லின் ஒரு பக்கத்தை மட்டமாக்குதல் எளிதெனத் தோன்றும். மூலைமட்டமும் தூக்குக்குண்டும் நூலும் கொண்டு கோடிட்டு, காவி பூசிய நேர்ப்பலகையைக் கல்லின் மேல் வைத்து நகர்த்துவர். எங்கே காவி ஒட்டுகிறதோ அங்கே மேடு. அம்மேட்டைப் பொளிந்து, மீண்டும் பலகையை நகர்த்தி, மீண்டும் பொளிந்து, முகமெங்கும் காவி ஒன்றுபோல் ஒட்டும் வரை இது தொடரும். இதில் நாட்கள் கழியும். பொறுமை இல்லாதவன் இங்கேயே நின்றுவிடுவான். தட்டை முகம் கைவந்தவனுக்குப் பட்டைக் கோடுகள். பின் தாமரை இதழ். பின் கொடியும் யாளியும். எல்லாம் கைவந்தவனுக்கே திருமுகம். கல்லைத் தட்டி ஓசையறிதலும் இக்கல்வியின் ஒரு பகுதி. மணியோசை தருவது ஆண்கல், மென்மையான ஓசை தருவது பெண்கல், ஓசையற்றது அலிக்கல் என நூல் வகுத்தது. நூலைப் படித்தவன் மூன்று பெயர்களை அறிவான். ஆயிரம் கற்களைத் தட்டியவனே மூன்று ஓசைகளை அறிவான். அங்கே இழைத்த கல்லோ வெண்சாம்பல் நிறத்தது. பெயர் மட்டும் கருங்கல்.

பழங்காலத்துச் சிற்பியர் திருப்பணிக்கு உடன்படிக்கை எழுதுங்கால், ஆவுடையார் கோயிற் கொடுங்கை, தாரமங்கலத்துத் தூண் முதலிய சில வேலைகள் நீங்கலாக ஏனைய எவ்வேலையும் செய்து தருவோம் என்று எழுதிக்கொடுப்பர் என ஒரு வழக்கு நாட்டில் உண்டு. மணிவாசகர் பணிந்த ஆவுடையார் கோயிலில், மரச்சட்டமும் கம்பியும் ஆணியும் போலவே கல்லை மெலிதாக இழைத்த கொடுங்கையைக் கண்டோர் அவ்விலக்கு எதற்கென்று அறிவர். தாரமங்கலத்திலோ சிங்கத்தின் வாயினுள் கல்லுருண்டை உருளும். வெளியே எடுக்க இயலாது. உருண்டையைச் செய்து வாயில் இட்டதன்று. பற்களுக்கிடையே உளியை நுழைத்து, உள்ளிருக்கும் கல்லையே சிறிது சிறிதாக விடுவித்து உருட்டியது. பெங்களூர்ச் சிற்றூரில், உடன்படிக்கையில் நீக்கப்பட்ட இத்தகைய வேலைகளையே விரும்பி மேற்கொண்டனர். வாயில் உருண்டை உருளும் சிங்கத் தூண்கள், ஒரே கல்லிற் குடைந்தெடுத்த சங்கிலி, கல் மணி ஆகியவை ஆங்கு எழுந்தன. சங்கிலியின் கடைசி வளையம் விடுபடும்போது ஒரு தட்டு மிகுந்தால் அதுவரை செய்த உழைப்பு முழுவதும் வீண். அவ்வேளையில் ஏனைய சிற்பியர் தம் உளியை நிறுத்திவிட்டு வந்து சூழ்ந்து நின்றிருப்பர் என்று எண்ணுதல் மிகையாகாது.

இயந்திரத்தைப் பழித்தல் எளிது. நியாயமாகப் பேசுதல் அரிது. வைரப்பல் பதித்த வட்டரம்பம் ஒரு மாத வேலையை ஒரு நாளில் முடிக்கிறது. திருப்பணிக் குழுவினர்க்குப் பொருள் குறைவு, நாள் குறைவு, சிற்பிக்கும் மக்கள் உளர், பசி உண்டு. இந்நிலையில் ஊர்தோறும் இயந்திரம் புகுந்ததற்கு எவரையும் நொந்து பயனில்லை. ஆயினும் இரண்டு உண்மைகளை மறைக்கலாகாது. மின்விசையால் கல்லைத் தேய்க்குங்கால் எழும் நுண்தூள் உளியின் சில்லைப் போலத் தரையில் விழுவதன்று; மூச்சோடு நுரையீரலிற் புகுந்து ஆறாத நோய் விளைப்பது. இஃது ஒன்று. தட்டை முகத்தை இயந்திரம் செய்து கொடுத்துவிட்டால், இளைஞனுக்கு முதற்பாடம் இல்லாமற் போகிறது என்பது மற்றொன்று. முதற்பாடம் இல்லாதவன் இறுதிப் பாடத்துக்கு வருவது எங்ஙனம்? இன்று திருமுகம் திறக்கவல்ல முதியவர்கள் அனைவரும், ஒரு காலத்தில் காவிப் பலகையோடு போராடிய சிறுவர்களே.

பழங்கோயில்களிற் கல்லைத் துப்புரவாக்குவதாகக் கருதி மணலைப் பீய்ச்சி அடித்த கொடுமையையும் ஈண்டுக் கூறாமல் இருக்க இயலவில்லை. அதனாற் கல்வெட்டு எழுத்துக்கள் மழுங்கின என்று ஆராய்ச்சியாளர் வருந்தினர்; பின்னர் அம்முறை தடுக்கப்பட்டது. எழுத்துக்களோடு போனது மற்றொன்றும் உண்டு. சோழர் காலத்து உளி கல்லின் மேல் விட்டுச் சென்ற கொத்துத் தடங்களும் மணலில் அழிந்தன. சிற்பம் பயில்வோனுக்கு அத்தடங்களே ஆசிரியர் கையெழுத்து. உளி எத்திசையிற் சென்றது, எவ்விடத்தில் மாறியது என்பதை அவற்றில் வாசிக்கலாம். அழுக்கு என்று கருதி அகற்றியது ஆசானின் வாய்மொழியை.

பன்னீராண்டுக்கொரு முறை திருப்பணி செய்து குடமுழுக்குச் செய்யும் வழக்கத்தின் பொருளை இந்நோக்கிலும் எண்ணிப் பார்க்கலாம். மருந்து சாத்துதல் தளர்ந்துவிட்டது, சுதை உதிர்ந்துவிட்டது, தளவரிசை பெயர்ந்துவிட்டது என்பன காரணங்கள்தாம். ஆனால் ஒரு சிற்பி தன் வாழ்நாளில் ஒரே கோயிலின் திருப்பணியில் மும்முறையேனும் பங்கு கொள்ள இவ்வழக்கம் இடமளித்தது. முதன்முறை சிறுவனாய்த் துருத்தி ஊதியவன், இரண்டாம் முறை உளி பிடித்தான், மூன்றாம் முறை நூல் பிடித்து ஏவினான். ஜப்பான் நாட்டு இசே என்னும் தலத்தில் 20 ஆண்டுக்கொரு முறை கோயிலையே புதிதாக மரத்தாற் கட்டுகின்றனர். 2013இல் நிகழ்ந்தது 62ஆம் முறை. சமயம் வேறு, பண்டம் வேறு. ஆயினும் தச்சன் கைக்கு இடையறாது வேலை தரும் ஏற்பாடு ஒன்றே.

கவாய்க்கு மீள்வோம். அங்கே 1999ஆம் ஆண்டில் 117 அடி நீளமும் 56 அடி அகலமும் கொண்ட அடித்தளம் இடப்பட்டது. இரும்பு துருவேறிக் கற்காரையைப் பிளக்கும் என்பதனால், பேராசிரியர் குமார் மேத்தா என்பார் வகுத்தவாறு, இரும்புக் கம்பி சிறிதுமின்றி, சிமிட்டியோடு எரிசாம்பலை மிகுதியாகக் கலந்து, ஆயிரம் ஆண்டு நிற்குமாறு அதனை அமைத்தனர். உலோகமின்றிக் கோயில் செய்வித்த மகேந்திரவர்மன் இதனைக் கண்டிருப்பின் மகிழ்ந்திருப்பான். பெங்களூரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பொருத்தம் பார்த்த கற்கள், குறியிடப்பட்டுக் கப்பலேறின. அவற்றை அடுக்கச் சிற்பியர் சிலரும் கடல் கடந்தனர். சுப்பிரமுனியசுவாமிகள் 2001இற் சிவபதம் அடைந்தார். பத்தாண்டு கழித்துத் தபதியாரும் மறைந்தார். வகுத்தவர் இருவரும் காணாத அக்கோயிலுக்கு 2023ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் குடமுழுக்கு நிறைவேறியது. முதற்கல்லில் உளி பட்டதிலிருந்து முப்பத்து மூன்று ஆண்டுகள். தட்டை முகம் பயில இளைஞராய் வந்தவர்கள் அதற்குள் பிறர்க்குக் கற்பிக்கும் வயதினராயினர்.

திருவுருவம் முற்றுப்பெற்ற பின் கண் திறத்தல் என்னும் ஒரு செயல் எஞ்சும். ஏனைய உறுப்புக்களையெல்லாம் முடித்த தபதி, குறித்த நல்வேளையில், பொன்னூசி கொண்டு திருவிழிகளைத் திறப்பார். அதுவே அவர் கையின் கடைசித் தொழில். அதன்பின் அவர்க்குப் புத்தாடையும் காணிக்கையும் அளித்து முறையாக விடைகொடுப்பர். திருவுருவம் ஆசாரியர் கைக்கு மாறும். மந்திரமும் நீரும் அதன்மேற் பொழியும். அதுவரை தட்டியும் தடவியும் மடியில் கிடத்தியும் வந்த உருவத்தைத் தபதி இனித் தீண்டலாகாது. வேலை முடித்தவர் எல்லாரையும்போல வெளிமண்டபத்தில் நின்று கைகூப்பி வணங்கிவிட்டு, அவர் பட்டறைக்குத் திரும்புகிறார். அங்கே உலை அணையாமல் இருக்கிறது. புதிதாக வந்திறங்கிய கல்லொன்றின் மேல் ஒரு சிறுவன் காவிப் பலகையை நகர்த்திக்கொண்டிருக்கிறான்.